உலகப் பெரும்போரும் நம் சென்னைப் பட்டணமும்

சென்ற திங்கள் நம் சங்கத்து மாதக் கூட்டம் முடிந்து உறுப்பினர் கலைந்து செல்லுங்கால், கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் எம்மை அணுகி, "ஐயா, இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவில் நடந்த போர்தானே? நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று வினவினார். அவர்மீது குற்றமில்லை. பள்ளிப் புத்தகங்களில் ஹிட்லர் பெயரும் ஹிரோஷிமாவின் பெயரும் உள. திருமயிலை மாடவீதிகளில் 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கிய செய்தி இல்லை. அவ்விளைஞரின் முன்னோர் ஒருவர் இரங்கூனிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்தவர் என்பதை அவர் அறியார், யாம் அறிவோம். ஆதலின் அப்போர் தோன்றிய வகையும், நம் கரையைத் தீண்டிய வகையும், முடிந்த வகையும் ஈண்டு ஒருவாறு எழுதப் புகுந்தோம்.

அப்போரின் வித்து அதற்கு முந்திய போரிலேயே கிடந்தது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதற்பெரும்போரும் நம் பட்டணத்திற்குப் புதிதன்று. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்திற்கு எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்துவிட்டுச் சென்றது. சில நிமிட நேரமே நடந்த செயல் அது. ஆயினும், மறுநாளே மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலடிக்கு ஓடினர். தந்திரமும் துணிவும் மிக்கவனை 'அவன் எம்டன் அப்பா' என்று நம்மவர் இன்றுஞ் சொல்வது அக்கப்பலால் வந்த வழக்கே. பகைவன் கப்பலின் பெயரைப் புகழ்ச்சிச் சொல்லாக்கிக்கொண்ட ஊர் நம்மூரன்றி வேறுண்டோ என்று யாம் வியப்பதுண்டு.

அப்போரில் தோற்ற ஜெர்மானியர், 1919 ஜூன் 28-ஆம் நாள் வெர்செயில்ஸ் மாளிகையில் கையொப்பமிட்ட உடன்படிக்கை அவர்க்குத் தாங்கொணாச் சுமையாயிற்று. போர்ப்பழி முழுதும் அவர் தலைமேல் ஏற்றப்பட்டது, நிலமும் படையும் குறைக்கப்பட்டன, ஈட்டுப்பணம் விதிக்கப்பட்டது. பின்னர் 1929-இல் தோன்றிய உலகப் பணமுடை வேலையற்றோரை லட்சக்கணக்கிற் பெருக்கவே, வெறுப்பையே முதலாக வைத்து வாணிகம் செய்த ஹிட்லர் 1933 ஜனவரியில் முதலமைச்சரானான். ஆஸ்திரியா, செக்கோஸ்லோவேகியா என ஒவ்வொன்றாக விழுங்கியும் இங்கிலாந்தும் பிரான்சும் பொறுத்திருந்தன. 1939 ஆகஸ்டில் ருஷியருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, செப்டம்பர் முதல் நாள் அவன் போலந்துள் புகுந்தான். மூன்றாம் நாள் இங்கிலாந்து போர் அறிவித்தது.

இஃது எல்லாரும் அறிந்த வரலாறு. ஆயினும் கீழ்த்திசையில் போர் அதற்கு முன்னரே மூண்டுவிட்டது. ஜப்பானியர் 1931-இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றி, 1937-இல் சீனாவின்மேற் பெரும்படை செலுத்தினர். உலகப்போரின் தொடக்கத்தை 1937 என்றே கொள்ளல் வேண்டும் என்பாரும் உளர். எம் கருத்தும் அதுவே; நம்மைத் தீண்டியது அக்கிழக்குப் போரேயன்றோ?

இங்கிலாந்து போர் அறிவித்த அன்றே, அரசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபு, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். நாட்டுத் தலைவர் ஒருவரையும் கலந்தாரில்லை. முப்பத்தைந்து கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கேளாமல் அவர்களைப் போரிற் செலுத்திய அச்செயலைக் கண்டித்து, மாகாணங்களிலிருந்த காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி விலகின. சென்னையில் இராஜாஜியின் மந்திரிசபை 1939 அக்டோபர் இறுதியில் விலகியது. கவர்னராட்சி தொடங்கியது.

தொடக்கத்தில் சென்னைக்குப் போர் தொலைவிலேயே இருந்தது. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் எழுந்த தியாகராய நகரில் புதுவீடுகள் கட்டிக் குடியேறிக்கொண்டிருந்தனர். மேயராயிருந்த தீரர் சத்தியமூர்த்தி, நகரின் குடிநீர்ப் பஞ்சம் போக்கக் கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டப் போராடி, 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டச் செய்தார். போர்க்காலத்திலேயே, 1944-இல், அது கட்டிமுடிந்தது. சத்தியமூர்த்தி அதைக் காண இருந்தாரில்லை. 1942 ஆகஸ்டுப் போராட்டத்திற் சிறைப்பட்டு, உடல்நலங் குன்றி, 1943 மார்ச்சு 28-இல் மறைந்தார். இன்றும் நாம் பருகும் நீரில் அப்போர்க்காலத்தின் ஒரு துளி உண்டு.

அடையாற்றில் நிகழ்ந்ததொன்று சொல்லத்தக்கது. குழந்தைக் கல்வியிற் புதுநெறி கண்ட இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி, தியசாபிகல் சங்கத்தாரின் அழைப்பை ஏற்று 1939-இல் தம் மகனுடன் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தார். 1940 ஜூனில் இத்தாலி ஜெர்மனியின் பக்கம் சேரவே, அன்றுவரை விருந்தினராயிருந்த அம்மூதாட்டியார் ஒரே நாளிற் பகைநாட்டினர் ஆயினர். மகனார் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 31-இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை அம்மையார் இந்நாட்டிலேயே தங்கிப் பல ஆசிரியர்களைப் பயிற்றினார். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு, படைத்தலைவர் பலரினும் அவர் பெயரே இப்போர் வரலாற்றில் இனிது நினைவில் நிற்கிறது.

1941-இல் நிலைமை மாறியது. ஜூன் 22-இல் ஹிட்லர் தன் நண்பராகிய ருஷியர்மேலேயே பாய்ந்தான். ஜப்பானியர் இந்தோசீனாவின் தென்பகுதியைப் பிடிக்கவே, அமெரிக்கர் அவர்க்கு எண்ணெய் விற்பதை நிறுத்தினர். எண்ணெயின்றிக் கப்பலேது, விமானமேது? எண்ணெயும் ரப்பரும் வெள்ளீயமும் மலிந்த தென்கிழக்கு நாடுகளைக் கவர்வதென்று துணிந்து, டிசம்பர் 7-இல் ஜப்பானியர் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். ஏறத்தாழ அதே வேளையில் மலாயாவின் கோத்தபாருவிலும் இறங்கினர். 10-ஆம் நாள் ஆங்கிலேயரின் இரு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கின. அசைக்கவொண்ணாக் கோட்டை எனப்பட்ட சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-இல் சரணடைந்தது. எழுபதே நாள்.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று செல்வோம்.

பர்மாவில் அக்காலத்து இந்தியர் பத்து லட்சம்பேர் இருந்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கிற்கு உரிமையாளராயிருந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், அரிசி ஆலைகளில் உழைத்தோரும், கடைகளிற் கணக்கெழுதினோரும் தெலுங்கரும் தமிழருமாயிருந்தனர். நம் சமூகத்தாரும் கணக்கர்களாகவும் சிறு வணிகர்களாகவும் சென்றிருந்தனர். 1941 டிசம்பர் 23-இல் இரங்கூன்மீது முதற்குண்டு விழுந்தது. என்ன வென்று பார்க்கத் தெருவில் வந்து நின்றவர்களே மிகுதியும் மாண்டனர். கப்பலில் இடம் கிடைத்தோர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தனர். அது கிடையாதோர் நடந்தனர்.

தாங்கூப் கணவாய் வழியே அரக்கான் கரைக்குச் சென்றோர் சிலர். மண்டலை கடந்து தாமு வழியாக மணிப்பூர் மலைகளில் ஏறினோர் பலர். பிந்திப் புறப்பட்டோர் வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கில் மழைக்காலத்துச் சேற்றில் அகப்பட்டனர். காலராவும் மலைக்காய்ச்சலும் பசியும் வழித்துணையாயின. வெள்ளையர்க்கு ஒரு வழியும் இந்தியர்க்கு ஒரு வழியும் வகுக்கப்பட்டதென்று நம் தலைவர்கள் அப்போதே குற்றஞ்சாட்டினர். நான்கு லட்சத்திற்கு மேற்பட்டோர் நிலவழியே தாய்நாடு வந்து சேர்ந்தனர். வழியில் வீழ்ந்தோர் பல்லாயிரவர். அவரை எண்ணியோர் இலர்.

எம் பாட்டியாரின் சிற்றப்பனார் இரங்கூனில் ஓர் அரிசிக் கடையிற் கணக்கெழுதியவர். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. 1942 பிப்ரவரியில் மண்டலையிலிருந்து அவர் எழுதிய அஞ்சலட்டை ஒன்று திருமயிலை வந்து சேர்ந்தது. உடல்நலம் என்றும், நாலுபேருடன் சேர்ந்து புறப்படுவதாகவும், அம்மாவிடம் நடைப்பயணம் என்று சொல்லவேண்டா என்றும் எழுதியிருந்தார். அதன்பின் செய்தி யாதும் இல்லை. இறந்த நாள் தெரியாமையால் அவருக்குத் திதி கொடுக்க வழியில்லை. மாளய அமாவாசையில் மற்றையோருடன் சேர்த்து எள்ளும் நீரும் இறைப்பதே எம் வீட்டு வழக்கமாயிற்று. நம் சமூகத்தில் இவ்வாறு நாளறியாது நீர் இறைக்கும் வீடுகள் எத்தனையோ!

மார்ச்சு 8-இல் இரங்கூன் வீழ்ந்தது. 23-இல் அந்தமான் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5-ஆம் நாள் ஞாயிறு, ஈஸ்டர் திருநாள், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்பிற்கு அப்பால் மூழ்கியது. வங்கக் கடலில் சில நாளில் இருபதுக்கு மேற்பட்ட வாணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அடுத்தது சென்னையே என்று எல்லாரும் கருதினர். கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கமும் அவ்வாறே கருதியது.

நகரில் இருக்கவேண்டிய கட்டாயமில்லாதோர் வெளியேறுக என்று அரசாங்கம் அறிவித்தது. பழைய புறநானூற்றில், பகைமேற் செல்லும் வேந்தன் அம்பு விடுமுன், பசுக்களும் பார்ப்பாரும் பெண்டிரும் நோயாளரும் மக்கட்பேறு இல்லாதோரும் பாதுகாப்பான இடஞ்சேர்க என்று அறிவித்த அறநெறியை நெட்டிமையார் பாடியுள்ளார். அங்கே எதிரி எச்சரித்தான். இங்கே நம்மைக் காக்கவேண்டியவரே, 'நும்மை நீவிரே காத்துக்கொள்க' என்றனர். அதனினும் மேலாக, அரசாங்க அலுவலகங்கள் உதகமண்டலம், கோயம்புத்தூர், சித்தூர் முதலிய உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்க்கப்பட்டன. கோட்டையே காலியாகிறது என்ற செய்தி பரவியபின் குடிகள் நிற்பரோ? அறிவிப்பால் விளைந்த அச்சத்தினும் அலுவலகக் கட்டுகள் வண்டியேறியதைக் கண்ட அச்சமே பெரிது என்பது எம் துணிபு.

ஏறத்தாழ ஏழேமுக்கால் லட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் சில நாளில் வெறிச்சோடியது. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயிலில் இடம்பிடிக்க மக்கள் நெருக்குண்டனர். மாட்டுவண்டிக்காரர் கேட்டதே கூலி. பூங்காநகர் மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம், புலி முதலிய கொடுவிலங்குகள், குண்டு விழுந்து கூடு உடைந்தால் ஊருக்குள் வருமென்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. பாவம், போரென்றால் யாதென்றும் அறியாத உயிர்கள்.

எம் பாட்டியார் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி. திருமயிலைக் குளக்கரைக்கு அருகில் அவர்தம் வீடு. வெண்கல உருளிகளையும் குத்துவிளக்குகளையும் சாக்கிற் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, குடும்பத்தார் காஞ்சிபுரத்து உறவினர் வீட்டிற்குச் சென்றனர். வீட்டுத் திறவுகோலைப் பற்றுப்பாத்திரம் தேய்க்க வந்த அம்மையாரிடம் கொடுத்துச் சென்றனர். அவ்வம்மையாருக்குப் போக ஊருமில்லை, வண்டிக்கூலியுமில்லை. ஐந்து திங்கள் கழித்துத் திரும்பியபோது வாசல் தெளித்துக் கோலமிடப்பட்டிருந்தது; ஒரு செம்பும் குறையவில்லை. அவர் பெயர் யாது என்று பாட்டியாரை ஒருமுறை கேட்டோம். 'ஆயா என்றே கூப்பிடுவோம், பெயர் தெரியாது' என்றார். அவரைப்போலவே துறைமுகக் கூலிகளும், துப்புரவு செய்வோரும், கடற்கரை மீனவரும் நகரிலேயே தங்கினர். வெளியேறியவர் நினைவுகளே எழுதப்பட்டுள்ளன. தங்கியவரின் நினைவுகளை எழுதுவாரில்லை. நம் இதழும் இதற்கு விலக்கன்று.

ஜப்பானியர் வந்தாரில்லை. அவர்தம் கப்பற்படை கிழக்கே திரும்பி, ஜூனில் மிட்வே தீவருகே நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றுள் மூன்று ஏப்ரலில் இலங்கைமேல் வந்தவை. அதன்பின் நம் கடலுக்கு அவர் பெரும்படை செலுத்தவில்லை.

ஆயினும் அவ்வச்சம் அரசியலில் ஒரு பிளவை உண்டாக்கியது. நாட்டைக் காக்க மக்களாட்சி உடனே வேண்டும், அதற்காக முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு கண்டாலும் தகும் என்று கருதிய இராஜாஜி, ஏப்ரல் 23-இல் சென்னைச் சட்டசபைக் காங்கிரசாரைக்கொண்டு தீர்மானம் நிறைவேற்றினார். அகில இந்தியக் காங்கிரஸ் அதை மறுத்தது. அவர் காரியக் கமிட்டியினின்றும், பின்னர்ச் சட்டசபையினின்றும் விலகினார். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் மூண்டபோது அவர் அதிற் சேரவில்லை. அவரைத் துரோகி என்றோர் அன்று பலர். யாம் அச்சொல்லை ஒப்போம். ஏப்ரல் திங்களிற் சென்னையில் இருந்தவரின் கண்ணால் அதைப் பார்த்தல் வேண்டும்.

பர்மா அரிசி வாராமையால் வயிற்றிலும் போர் புகுந்தது. 1943-இல் வங்காளத்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் மக்கள் பஞ்சத்தில் மாண்டனர். சென்னையிற் பங்கீடு வந்தது. அரிசியே உணவென்றிருந்தோர் கோதுமை உண்ணக் கற்றனர். அக்கட்டுப்பாடு போரோடு ஒழியவில்லை. 1952-இல் இராஜாஜி மீண்டும் முதலமைச்சரானபோதே நீக்கப்பட்டது. வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. செம்பை மிச்சப்படுத்த நடுவே துளையிட்ட ஓட்டைக் காலணா வந்தது. சிறுவர் அதைக் கயிற்றிற் கோத்து விளையாடினராம். விளக்குகளுக்குக் கறுப்புத் தாள், தெருமுனைகளிற் பதுங்குகுழி, நள்ளிரவில் அபாயச் சங்கு: இவை அன்றாட நிகழ்ச்சிகளாயின.

1943 அக்டோபரில், யாரும் எதிர்பாராத வேளையில், ஜப்பானிய விமானமொன்று இரவில் வந்து துறைமுகப் பகுதியிற் சில குண்டுகளை வீசிச் சென்றது. சேதம் சிறிதே. அதே திங்களிற் பெய்த பெருமழையிற் கூவமும் அடையாறும் கரைபுரண்டு விளைத்த சேதம் அதனினும் பன்மடங்கு பெரிது. ஊரெல்லாம் ஓடிய ஆண்டில் குண்டு விழவில்லை. ஊர் திரும்பிய பின்னரே விழுந்தது!

இதற்கிடையே சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். அவர் அமைத்த ஜான்சிராணிப் படைக்குத் தலைவியான டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் நம் சென்னையில் பிறந்தவர். கடற்கரையிலுள்ள இராணி மேரி கல்லூரியிலும், பின் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். அப்படையிற் சேர்ந்த பெண்களில் மிகப்பலர் மலாயாத் தோட்டங்களிற் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள். தாய்நாட்டைக் கண்ணாற் கண்டறியாதோரும் அவருள் உண்டு. நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலையாளக் கரையில் இறங்கிய வக்கம் அப்துல் காதரும், அவ்வியக்கத்தைச் சேர்ந்த மற்று மூவரும் 1943 செப்டம்பர் 10-இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

அதே காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்தில் காட்டினூடே ரயில்பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கிற் கொண்டுசெல்லப்பட்டனர். கூலி கிடைக்கும் என்று சொல்லி அழைக்கப்பட்டோரும் உண்டு, தெருவிற் பிடித்து ஏற்றப்பட்டோரும் உண்டு. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது ஆசியத் தொழிலாளருள் ஏறத்தாழ தொண்ணூறாயிரவர் மாண்டிருந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. அங்கே மடிந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள. நம்மவர்க்கு மலாயத் தமிழர் வாயில் வழங்கும் 'சயாம் மரண ரயில்' என்னும் பெயரே கல்லறை. விடுதலைக்குப் படைதிரட்ட உதவிய ஜப்பானியரும், இப்பாதையில் தமிழரை வதைத்த ஜப்பானியரும் ஒருவரே. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடுவோரின் வரலாற்றை யாம் நம்புவதில்லை.

இனி முடிவு. ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர் 1943 பிப்ரவரியிற் சரணடைந்தனர். 1944 ஜூன் 6-இல் நேசப்படைகள் நார்மண்டியில் இறங்கின. அவ்வாண்டு மார்ச்சு முதல் ஜூலைவரை இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியரும் தேசிய இராணுவத்தாரும் முறியடிக்கப்பட்டனர். அங்கே இருபக்கத்தும் நின்றோர் இந்தியர். ஆங்கிலேயர்பால் இருந்த இந்தியப் படை போர் முடிவில் இருபத்தைந்து லட்சமாகப் பெருகியிருந்தது, மாண்டோர் எண்பத்தேழாயிரவர். 1945 மே திங்களில் இரங்கூன் மீட்கப்பட்டது. அதே திங்கள் 8-இல் ஜெர்மனி சரணடைந்தது. ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவிலும் 9-இல் நாகசாகியிலும் அமெரிக்கர் அணுகுண்டு வீசினர். ருஷியரும் ஜப்பான்மேற் படையெடுத்தனர். 15-ஆம் நாள் ஜப்பானியப் பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தது. செப்டம்பர் 2-இல் டோக்கியோ விரிகுடாவில் 'மிசௌரி' கப்பலின்மேல் சரண்பத்திரம் கையெழுத்தாயிற்று. 12-இல் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் பிரபுவின்முன் தென்கிழக்காசிய ஜப்பானியப் படைகள் சரணடைந்தன. நம் விடுதலைக்கு ஆகஸ்டு 15-ஐ அவர் தேர்ந்தது, ஜப்பான் பணிந்த அந்நாளின் இரண்டாம் ஆண்டுநிறைவு அதுவாதலால் என்று அவரே பின்னாளிற் சொல்லியுள்ளார்.

பரங்கிமலைக்கு அணித்தாக நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தை எம் மாணாக்கரை அழைத்துச் சென்று காட்டியதுண்டு. 856 கல்லறைகள், புல் சீராக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் பேணப்பட்டுள்ளன. பர்மா வழியில் வீழ்ந்தோர்க்கு அத்தகைய இடம் நம் நகரில் இல்லை.

ஆதலின் உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். 1942-இல் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்து சேர்ந்தோர், வாராதோர் பெயர்களை, ஊர், தொழில், தந்தையார் பெயர், கடைசியாகச் செய்தி வந்த நாள் ஆகியவற்றுடன் எழுதிச் சங்கத்துச் செயலாளர்க்கு அனுப்புக. பழைய அஞ்சலட்டை இருப்பின் படியெடுத்து அனுப்பினாற் போதும். வீட்டைக் காத்திருந்தோரின் பெயர் எவருக்கேனும் நினைவிருந்தால் அதனையும் எழுதுக. அவர் நம் சமூகத்தாராயினும் அல்லராயினும் சேர்த்துக்கொள்வோம். தொண்ணூறு கடந்த பெரியோர் சிலரே இன்று உளர். அவரைக் கேட்கும் பணியைத் தள்ளிப்போடுதல் வேண்டா. ஏட்டின் முதற்பக்கத்தில் எம் வீட்டுப் பெயரை எழுதிவிட்டோம். மறைந்த நாள் என்னும் இடம் மட்டும் வெறுமையாக உள்ளது.